காரில் ரேடியோ இரைகிறதா? முதலில் திருடனைப் பிடியுங்கள், அப்புறம் ஃபில்டர் வாங்கலாம்

காரில் ரேடியோ இரைகிறது என்றால் பெரும்பாலானவர்கள் நேராக ஆக்சஸரீஸ் கடைக்குப் போய் ஒரு நாய்ஸ் ஃபில்டரை வாங்கி ஸ்டீரியோவின் பவர் வயரில் போடுவார்கள், சத்தம் அப்படியே இருக்கும், உடனே செட்டைத் திட்டுவார்கள். அந்த ஃபில்டர் பவர் வயர் வழியாக வருகிற இரைச்சலை மட்டும்தான் தடுக்கும். ஆன்டெனா வழியாக வருவதை அது தொடக்கூடத் தொடாது. இந்த வேலையில் முக்கால்வாசி கண்டுபிடிப்பதுதான். எந்தப் பாகம் இரைகிறது, அது எந்த வழியாக ரேடியோவுக்குள் நுழைகிறது என்று தெரிந்துவிட்டால் மீதியைச் சரிசெய்ய கொஞ்சம் வயரும் ஒரு ஸ்பானரும் பொறுமையும் போதும், பல சமயம் காசே செலவாகாது.

இங்கே சொல்வது 12 வோல்ட் பேட்டரி உள்ள சாதாரண பெட்ரோல், டீசல் கார்களுக்கு. மாருதி 800, அம்பாசடர் மாதிரி பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உரியது இடையில் வரும், மின்சார காரைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

இரைச்சல் எப்படிப் பிறக்கிறது

மின்னோட்டம் சட்டென்று வெட்டுப்பட்டாலும் சட்டென்று பாய்ந்தாலும் அங்கே ரேடியோ அலை பிறக்கும். ஹெர்ட்ஸ் 1880களில் ரேடியோ அலை என்று ஒன்று இருப்பதை நிரூபித்ததே ஒரு தீப்பொறியை வைத்துத்தான், பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் செய்வதும் அதே வேலைதான். நாலு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் நொடிக்கு 100 பொறி விழுகிறது. 1930ல் அமெரிக்காவில் கால்வின் கம்பெனி மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோவைக் கொண்டுவந்தபோது அவர்கள் சமாளிக்க வேண்டியிருந்த பெரிய பிரச்சினைகளில் ஒன்று இந்த இக்னிஷன் இரைச்சல்.

இன்றைய கார்களில் இதற்கு வேண்டியதைத் தொழிற்சாலையிலேயே செய்துதான் அனுப்புகிறார்கள். இந்தியாவில் வண்டிகளின் மின்காந்த இரைச்சலுக்கென்று ஏ.ஐ.எஸ். 004 விதியின் மூன்றாம் பகுதி இருக்கிறது, காருக்குள் இருக்கிற ரேடியோவைக் காப்பாற்ற சிஸ்பர் 25 என்ற சர்வதேசத் தரநிலையும் இருக்கிறது. அதனால் பத்து வருடத்துக்கு உட்பட்ட காரில் இரைச்சல் புதிதாக வந்தால் என் சந்தேகம் முதலில் போவது வண்டியின் மேல் அல்ல, பிற்பாடு நாம் மாட்டிய யு.எஸ்.பி. சார்ஜர், டேஷ்கேம், எல்.இ.டி. ஹெட்லைட் பல்பு இவற்றின் மேல்தான். இவை ஒவ்வொன்றுக்குள்ளும் 12 வோல்ட்டை வேறு வோல்ட்டேஜாகவோ நிலையான கரன்ட்டாகவோ மாற்றுகிற ஒரு சின்ன சர்க்யூட் இருக்கிறது, அது நொடிக்கு லட்சக்கணக்கான முறை மின்சாரத்தை ஆன், ஆஃப் செய்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வெண்ணின் மடங்குகள் மீடியம் வேவிலிருந்து (ரேடியோவில் ஏ.எம். என்று போட்டிருப்பது) எஃப்.எம். வரைக்கும் பரவிக் கிடக்கும்.

ஏ.எம்.மில் இரைச்சல் அதிகமாகவும் எஃப்.எம்.மில் குறைவாகவும் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஏ.எம்.மில் பேச்சும் பாட்டும் அலையின் உயரத்தில்தான் ஏற்றப்படுகிறது, இரைச்சலும் அதே உயரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது, ரேடியோவால் இரண்டையும் பிரிக்க முடியாது. எஃப்.எம். ரிசீவர் உயரத்தில் வருகிற ஏற்ற இறக்கத்தை வெட்டி எறிந்துவிடும். ஆனால் சிக்னல் போதுமான அளவுக்கு இருந்தால்தான் அந்த வெட்டு வேலை செய்யும். கோடை பண்பலையை 100.5ல் கேட்டுக்கொண்டே திண்டுக்கல்லைத் தாண்டிக் கிழக்கேயோ வடக்கேயோ போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், மலை தூரமாகப் போகப் போக அதுவரை ஒளிந்திருந்த வண்டியின் சத்தமெல்லாம் வெளியே வரும். ஆகவே சோதனை செய்யும்போது உள்ளூர் ஸ்டேஷனில் வைத்துப் பார்த்து எல்லாம் சரி என்று முடிவு செய்யாதீர்கள். தூரத்து ஸ்டேஷனில் வையுங்கள். செட்டில் ஏ.எம். இருந்தால் இன்னும் நல்லது, ஸ்டேஷன் இல்லாத ஓர் இடத்தில் முள்ளை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

கண்டுபிடிப்பது

மின்கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், எல்.இ.டி. தெருவிளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். வீட்டு போர்ட்டிகோவில் நின்றுகொண்டு தேடினால் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரின் இரைச்சலைக் காரின் தலையில் கட்டிவிடுவீர்கள். சாவியை ஏ.சி.சி.யில், அதாவது இன்ஜின் ஓடாமல் ரேடியோ மட்டும் வேலை செய்கிற நிலையில் வைத்து, ரேடியோவை மட்டும் போடுங்கள். சார்ஜர், டேஷ்கேம், ஜி.பி.எஸ். டிராக்கர், ஏர் பியூரிஃபையர் என்று சாக்கெட்டில் செருகியதெல்லாம் வெளியே வரட்டும். ஃபியூஸ் பாக்ஸிலிருந்து நேரடியாக இழுத்த டேஷ்கேம் வயர் இருந்தால் அதையும் பிடுங்க வேண்டும், சும்மா கேமராவின் பட்டனை அணைத்தால் உள்ளே இருக்கிற கன்வெர்ட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இப்போது கேட்கிறதுதான் உங்கள் அடிப்படை அளவு. இதிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். இக்னிஷன் ஆன் செய்ததும் இரண்டு மூன்று நொடி மட்டும் ஒரு இழுவைச் சத்தம் வந்து நின்றால் அது டேங்குக்குள் இருக்கிற ஃபியூயல் பம்ப். ஏ.சி. ஃபேனை ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டும்போது சத்தத்தின் சுருதி கூடினால் புளோயர் மோட்டார். வைப்பரோடு வந்து வைப்பரோடு போனால் வைப்பர் மோட்டார். ஹெட்லைட்டைப் போடுங்கள், லோ பீம், ஹை பீம், ஃபாக் லைட் என்று தனித்தனியாக. அப்புறம் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள்.

இன்ஜின் ஓடும்போது வருகிற சத்தத்தில் இரண்டு ரகம் உண்டு. டிக் டிக் டிக் என்று தனித்தனியாக விழுந்து, ரேஸ் கொடுத்தால் வேகமாகிற சத்தம் பெட்ரோல் வண்டியில் பெரும்பாலும் இக்னிஷன். டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது என்பதால் அதே சத்தம் கேட்டால் இன்ஜெக்டர் வயரிங்கைப் பாருங்கள். உய்ய்ய் என்று விசில் மாதிரி இழுத்து, ரேஸோடு சேர்ந்து சுருதி ஏறி இறங்கினால் அது ஆல்டர்னேட்டர், இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்கிற பாகம். ஹெட்லைட்டும் புளோயரும் பின்கண்ணாடி ஹீட்டரும் எல்லாம் போட்டுப் பார்த்தால் அந்த விசில் இன்னும் பெரிதாகும், ஏனென்றால் ஆல்டர்னேட்டர் கூடுதலாக வேலை செய்கிறது. சாவி போடும் வண்டியில் இன்னொரு நல்ல சோதனை உண்டு. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி வைத்து, 2500 ஆர்.பி.எம். வரைக்கும் ரேஸ் செய்து, சாவியை ஏ.சி.சி.க்குத் திருப்புங்கள். சத்தம் அந்தக் கணமே வெட்டினால் இக்னிஷன், இன்ஜின் வேகம் குறையக் குறைய இறங்கி அடங்கினால் ஆல்டர்னேட்டர். ஓடுகிற வண்டியில் இதைச் செய்து பார்க்கவே கூடாது.

எந்தப் பாகம் என்று தெரிந்த பிறகு எந்த வழி என்று பார்க்க வேண்டும். வால்யூமை முழுக்கக் குறையுங்கள். அப்போதும் அதே அளவில் சத்தம் கேட்டால் இரைச்சல் வால்யூம் கன்ட்ரோலுக்குப் பிறகு நுழைகிறது, அதாவது பவர் வயரிலோ எர்த்திலோ தனி ஆம்ப்ளிஃபையர் இருந்தால் அதன் வயரிங்கிலோ. வால்யூமோடு சேர்ந்து கூடிக் குறைந்தால் செட்டின் பின்னால் இருக்கிற ஆன்டெனா பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பிடுங்கியதும் இரைச்சல் போய்விட்டால் அது ஆன்டெனா வழியாகத்தான் வருகிறது, பவர் லைன் ஃபில்டருக்குக் கொடுக்கிற காசு வீண். பிடுங்கியும் சத்தம் இருந்தால் பவர் வழி. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாரும் எதையும் வாங்கக் கூடாது என்பேன்.

பாக்கெட் ரேடியோ ஒன்று கையில் இருந்தால் தேடுவது இன்னும் சுலபம். ஏ.எம்.மில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து டேஷ்போர்டு ஓரமாகவும் ஃபியூஸ் பாக்ஸ் பக்கமாகவும் பானெட்டுக்குள்ளும் கொண்டுபோங்கள். உள்ளே இருக்கிற ஃபெரைட் ராடு ஆன்டெனாவுக்குத் திசை உண்டு, ரேடியோவை மெல்லத் திருப்பினால் ஒரு கோணத்தில் இரைச்சல் மங்கும், அப்போது ராடின் நுனி காட்டுகிற பக்கத்தில்தான் ஆள் இருக்கிறான். பானெட்டுக்குள் செய்யும்போது பெல்ட், ஃபேன் பக்கம் கை, துப்பட்டா, துண்டு எதுவும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் ஃபேன் இன்ஜின் நின்ற பிறகும் தானாகச் சுழல ஆரம்பிக்கும்.

இதற்கு மேலும் தெரியவில்லை என்றால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கலாம், ஒவ்வொரு முறையும் இக்னிஷனை அணைத்துவிட்டு. ஏர்பேக் ஃபியூஸைத் தொடாதீர்கள், மஞ்சள் நிற கனெக்டர் எதையும் கழற்றாதீர்கள்.

பிற்பாடு மாட்டிய சாமான்கள்

சார்ஜரில் தொடங்குங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற மலிவு யு.எஸ்.பி. சார்ஜர்களில் பலவற்றில் இன்புட் பக்கத்தில் ஃபில்டரே வைப்பதில்லை. போன் சார்ஜ் ஏறும்போது ஒரு மாதிரியும் சும்மா இருக்கும்போது வேறு மாதிரியும் இரைந்தால் சந்தேகமே வேண்டாம். இதைச் சரிசெய்ய மெனக்கெடாதீர்கள், மாற்றிவிடுங்கள். தரமான ஒன்றை வாங்கும்போது கடையிலேயே காரில் செருகி, மங்கலான ஒரு ஸ்டேஷனை வைத்துக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டேஷ்கேமில் பிரச்சினை பெரும்பாலும் அந்த நீண்ட வயர்தான். கண்ணாடி ஓரமாகப் போய் ஏ பில்லருக்குள் (முன்கண்ணாடியின் பக்கத்தில் இருக்கிற தூண்) இறங்குகிற அந்த வயர் சில வண்டிகளில் ஆன்டெனா கேபிளோடு ஒட்டிக்கொண்டே ஓடும். முதல் வேலை, வயரை அடுத்த பக்கத்து பில்லருக்கு மாற்றுங்கள். ஏர்பேக் இருக்கிற பில்லரானால் ஏர்பேக்குக்கு முன்னால் குறுக்கே வயர் போகக் கூடாது, பின்பக்கமாகப் போக வேண்டும், தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள். அப்புறம் ஃபெரைட் போடுங்கள், வயரில் ஓடுகிற இரைச்சலைத் தடுக்கிற கறுப்பு காந்தப் பொருள் அது.

ஃபெரைட்டைப் பற்றி நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். க்ளிப் மாதிரி இருக்கிற ஃபெரைட்டை வயரில் ஒரு தடவை மாட்டினால் எஃப்.எம்.மில் ஓரளவுக்குப் பலன் தெரியும், ஏ.எம்.மில் அநேகமாக ஒன்றும் தெரியாது. அதன் தடை சுற்றுகளின் வர்க்கமாக ஏறுகிறது, அதாவது வயரை அதே ஃபெரைட்டுக்குள் ஐந்து தடவை சுற்றினால் தடை கிட்டத்தட்ட 25 மடங்காகும். ஆகவே துளை பெரிதாக இருக்கிற ஃபெரைட்டாகப் பார்த்து வாங்கி, முடிந்த அளவு சுற்றுப் போடுங்கள். ரகமும் முக்கியம். 31 என்ற கலவை 1 மெகாஹெர்ட்ஸிலிருந்து 300 வரைக்கும் உதவும், 43 என்பது 25 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்தான், மீடியம் வேவுக்கு 75 நல்லது. எந்தக் கலவை என்றே சொல்லாமல் விற்கிற ஃபெரைட் பெரும்பாலும் உயர் அதிர்வெண்ணுக்கானது. மாட்டுகிற இடம் எப்போதும் இரைகிற சாமானுக்குப் பக்கத்தில். ரேடியோ பக்கத்தில் போட்டால் நடுவில் இருக்கிற வயர் முழுக்க ஆன்டெனாவாக நின்று பரப்பிக்கொண்டிருக்கும். பிளஸ், மைனஸ் இரண்டு வயரும் ஒன்றாகச் சேர்ந்து ஃபெரைட்டுக்குள் போகட்டும். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவில் இதெல்லாம் கிடைக்கும். வெளியூரில் பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் கேபிளில் தடித்து இருக்கிற உருளையைப் பிரித்தால் அதற்குள்ளும் ஃபெரைட்தான் இருக்கிறது.

ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு மாட்டுகிற எல்.இ.டி. பல்புகள்தான் எஃப்.எம்.முக்கு மோசமான எதிரி. அதன் டிரைவர் பெட்டியிலிருந்து வருகிற வயரில் ஃபெரைட் சுற்றலாம், வயர்களை முறுக்கி நீளத்தைக் குறைக்கலாம், ஓரளவு குறையும். குறையாவிட்டால் பல்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஹாலஜனுக்கே போங்கள். ஹாலஜனுக்கென்று வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. போட்டால் எதிரே வருகிறவரின் கண்ணும் கூசும், அதனால் இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

ஆன்டெனாவும் அதன் எர்த்தும்

சிக்னல் குறைந்தால் இரைச்சல் பெரிதாகத் தெரியும், புதிதாக எதுவும் இரைய ஆரம்பிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாற்றிய பிறகு ரேடியோ எடுக்கவில்லை என்று வருகிற புகார்களில் நான் முதலில் கேட்பது நீல வயரைத்தான். கூரையில் இருக்கிற ஷார்க் ஃபின் ஆன்டெனாவும் குட்டை ஆன்டெனாவும் பல வண்டிகளில் உள்ளே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரோடு வருகின்றன, அதற்கு 12 வோல்ட் வேண்டும். கம்பெனி செட் அதைக் கொடுத்துக்கொண்டிருந்தது, புது செட்டை மாட்டியவர் ஆன்டெனா பவர் வயரைச் சேர்க்காமல் டேப் சுற்றி உள்ளே தள்ளியிருப்பார். சில வண்டிகளில் அந்த 12 வோல்ட் ஆன்டெனா கேபிள் வழியாகவே போகும், அதற்குத் தனி அடாப்டர் வேண்டும்.

பழைய கம்பி ஆன்டெனாவாக இருந்தால் மல்டிமீட்டரை வையுங்கள். கம்பியின் நுனிக்கும் பிளக்கின் நடு ஊசிக்கும் இடையில் தொடர்பு இருக்க வேண்டும், பிளக்கின் வெளி உறைக்கும் கார் பாடிக்கும் இடையில் பூஜ்ஜியம் ஓமுக்குப் பக்கமாக இருக்க வேண்டும், நடு ஊசிக்கும் உறைக்கும் இடையில் தொடர்பே இருக்கக் கூடாது. இரண்டாவதுதான் பெரும்பாலும் கெட்டுப்போவது. தூத்துக்குடி, நாகை, சென்னை என்று கடலோரத்தில் ஓடுகிற வண்டிகளில் ஆன்டெனா அடித்தட்டின் கீழே துரு ஏறி எர்த் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் ஆன்டெனா கேபிளின் உறையே ஆன்டெனாவாகி, டேஷ்போர்டுக்குள் இருக்கிற இரைச்சல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். கழற்றி, அடியில் பெயின்ட்டையும் துருவையும் தேய்த்து எடுத்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். இந்த ஒன்றிலேயே நிறைய வண்டிகள் சரியாகிவிடும்.

இதே எர்த் விஷயம் வண்டியின் மற்ற இடங்களுக்கும் பொருந்தும். பானெட் கீல்களில் பெயின்ட்டும் கிரீஸும் இருப்பதால் அது பாடியோடு சரியாக இணைந்திருக்காது, சைலன்சர் பைப் ரப்பரில் தொங்குகிறது, ஒரு முனை இன்ஜினில். இரண்டும் நீளமான உலோகம், இன்ஜின் அறையின் இரைச்சலை வாங்கி வெளியே பரப்புகிற வேலையை நன்றாகவே செய்யும். பானெட்டிலிருந்து பாடிக்கும், இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கும், சைலன்சரின் நடுவிலும் பின்னாலும் பாடிக்கும் தட்டையான பின்னல் செம்புப் பட்டையைப் போடுங்கள். உருண்டை வயரை விடப் பட்டை நல்லது, உயர் அதிர்வெண்ணில் அதன் தடை குறைவு. முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும், நீளம் அகலத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் போகாமல் இருந்தால் சிறப்பு, இன்ஜின் ஆடுவதற்கு மட்டும் கொஞ்சம் தொய்வு விடுங்கள். சைலன்சரில் ஆறிய பிறகுதான் கை வைக்க வேண்டும்.

எர்த் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஓம் மீட்டரை நம்பாதீர்கள். ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டு, இன்ஜின் ஓடும்போது பேட்டரி மைனஸ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே டி.சி. வோல்ட்டேஜ் எடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. செட்டின் கறுப்பு (எர்த்) வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையிலும் அதே மாதிரி.

இக்னிஷன்

பிளக்கை முதலில் பாருங்கள். என்.ஜி.கே., போஷ் இரண்டிலும் எண்ணுக்கு இடையில் ஆர் என்ற எழுத்து இருந்தால் அதற்குள் ரெசிஸ்டர் இருக்கிறது, பெரும்பாலும் 5000 ஓம் பக்கம். ஆர் இல்லாத பிளக்கை யாராவது மாட்டியிருந்தால் இரைச்சலுக்குக் காரணம் அங்கேயே முடிந்தது, ஈ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர்) உள்ள வண்டியில் அது ரேடியோவோடு நிற்காமல் சென்சார்களையும் குழப்பும். தேய்ந்து இடைவெளி கூடிய பிளக்கும் அதிக வோல்ட்டேஜ் கேட்கும், இரைச்சல் கூடும். பிளக்குக்கு மேலேயே, பொறிக்கான உயர் வோல்ட்டேஜை உண்டாக்குகிற காயில் உட்காரும் புது வண்டிகளில் அந்த ரப்பர் பூட்டில் விரிசல் இருந்து பொறி பக்கவாட்டில் பாய்கிறதா என்று பாருங்கள், வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஒரு கோடு விழுந்திருக்கும்.

ஒவ்வொரு பிளக்குக்கும் உயர் வோல்ட்டேஜைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய வண்டியில் ஹெச்.டி. லீடுகள்தான், அதாவது பிளக்குக்குப் போகிற தடித்த வயர்கள்தான் முக்கியம். செம்புக் கம்பி உள்ள லீடை எடுத்துவிட்டு கார்பன் லீடு போடுங்கள். ஏற்கெனவே கார்பன் லீடு இருந்தால் ஒவ்வொன்றையும் ஓம் மீட்டரில் அளந்து பாருங்கள், ஒரே நீளத்தில் இருக்கும் லீடுகளில் ஒன்று மட்டும் எக்கச்சக்கமாகக் காட்டினால் உள்ளே அறுந்து பொறி தாண்டிக்கொண்டிருக்கிறது. இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து ஐடிலிங்கில் பார்த்தால் கசிகிற இடத்தில் நீலப் பொறி தெரியும். பார்க்க மட்டும் செய்யுங்கள், தொடக் கூடாது, பல ஆயிரம் வோல்ட், இதய நோய் உள்ளவர்களுக்கும் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் அது உயிருக்கே ஆபத்து. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார் முனை தேய்மானம், பாயிண்டின் (காயிலின் மின்சாரத்தை வெட்டி விடுகிற சுவிட்ச்) கண்டென்சர் எல்லாம் ஒரே நாளில் மாற்றிவிடலாம், விலை பெரிதாக இல்லை, சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் இன்னமும் கிடைக்கிறது.

காயிலுக்கு சப்ரசர் கெபாசிட்டர் (இரைச்சலை அடக்குவது) போடுவதானால் பேட்டரியிலிருந்து வயர் வருகிற பிளஸ் முனையில்தான் போட வேண்டும், பாயிண்டுக்குப் போகிற முனையில் போட்டால் பொறியே கெட்டு வண்டி மிஸ் அடிக்கும். ஈ.சி.யு. காயிலை நேரடியாக இயக்குகிற வண்டிகளில் இந்த வேலையே வேண்டாம்.

ஆல்டர்னேட்டர் விசில்

ஆல்டர்னேட்டரில் உண்டாவது மூன்று ஃபேஸ் ஏ.சி., ஆறு டயோடுகள் அதை டி.சி. ஆக்குகின்றன. முழுக்க வழவழப்பாக ஆகாது, மேலே ஒரு அலை மிச்சம் இருக்கும். 12 காந்தத் துருவங்கள் உள்ள சாதாரண ஆல்டர்னேட்டர் 2000 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது அந்த அலை நொடிக்கு 1200 தடவை வருகிறது, காது நன்றாகக் கேட்கிற சுருதி, அதனால்தான் விசில். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் இந்த அலையை அதுவே விழுங்கிவிடும். ஆகவே விசில் திடீரென்று ஆரம்பித்தால் ஃபில்டரைத் தேடாமல் பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்து இறுக்கி, ஆல்டர்னேட்டர் டயோடைச் சோதியுங்கள்.

இன்ஜின் ஓட, லைட் எல்லாம் எரிய, பேட்டரி முனைகளில் மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது, 0.5ஐத் தாண்டினால் டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம், ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். விலை குறைந்த மீட்டர்கள் டி.சி.யையே ஏ.சி.யாக எடுத்துக்கொண்டு 28, 30 என்று காட்டும். அப்படிக் காட்டினால் ஒரு வயரில் 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைத் தொடராக வைத்து அளந்தால் சரியாக வரும். டயோடும் பேட்டரியும் நன்றாக இருந்தும் விசில் போகாவிட்டால் ஆல்டர்னேட்டரின் பெரிய அவுட்புட் முனையிலிருந்து அதன் உடம்புக்கு ஒரு சப்ரசர் கெபாசிட்டர் போடலாம். சின்ன முனைகளில் எதையும் சேர்க்கக் கூடாது.

ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க ஓடுகிற இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கிற பழக்கம் இன்னமும் சில ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். பேட்டரி விடுபட்ட நொடியில் வோல்ட்டேஜ் பல மடங்கு எகிறும், ஈ.சி.யு.வும் ஸ்டீரியோவும் சேர்ந்து போகலாம்.

விசில் பவர் வழியாக வருகிறது என்று ஆன்டெனா சோதனையில் உறுதியானால், அப்போதுதான் அந்தக் கடை ஃபில்டருக்கு வேலை. செட் இழுக்கிற ஆம்பியருக்குக் குறையாததை வாங்கி செட்டுக்கு மிகப் பக்கத்தில் மாட்டி, அதன் எர்த் வயரைக் குட்டையாக வையுங்கள். ஆம்ப்ளிஃபையர் உள்ள வண்டியில் ஆர்.சி.ஏ. கேபிளை (செட்டிலிருந்து ஆம்புக்கு ஒலி போகிற கேபிள்) ஒரு பக்கமும் பவர் கேபிளை எதிர்ப் பக்கமும் ஓட்டி, செட்டையும் ஆம்பையும் ஒரே இடத்தில் எர்த் செய்தால் பெரும்பாலும் போய்விடும். போனை சார்ஜரிலும் ஆக்ஸ் கேபிளிலும் ஒரே நேரத்தில் மாட்டும்போது மட்டும் விசில் வருகிறது என்றால் எர்த் இரண்டு வழியாக வட்டமடிக்கிறது. ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடுங்கள், அல்லது புளூடூத்துக்கு மாறுங்கள்.

மோட்டார்கள்

கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் எல்லாமே பொறி விடும். பிரஷ் தேய்ந்திருந்தால் அதிகமாக விடும், அதனால் பழைய புளோயர் இரைந்தால் பிரஷ்ஷையும் அது உரசுகிற செம்பு வளையமான கம்யூட்டேட்டரையும் முதலில் பாருங்கள். பிறகு இரண்டு முனைகளிலிருந்தும் மோட்டாரின் உடம்புக்கு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒவ்வொன்று, 100 வோல்ட் தாங்குவதாக. காலை எவ்வளவு குட்டையாக வெட்ட முடியுமோ வெட்டுங்கள். இரண்டு பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் கால் விட்டாலே அந்தக் கெபாசிட்டர் 2 அல்லது 3 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் கெபாசிட்டராக நடந்துகொள்ளாது, எஃப்.எம்.முக்கு அது வெறும் கம்பி. எஃப்.எம். இரைச்சல்தான் பிரச்சினை என்றால் கூடவே 0.001 மைக்ரோஃபாரட் ஒன்றை இணையாகப் போடுங்கள்.

ஃபியூயல் பம்ப் டேங்குக்குள் இருக்கிறது, அதைத் திறந்து கெபாசிட்டர் வைக்கிற எண்ணமே வேண்டாம். டேங்குக்கு வெளியே, பெட்ரோல் ஆவி இல்லாத இடத்தில், அதன் இரண்டு வயர்களையும் சேர்த்து ஃபெரைட்டில் சுற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹாம் ரேடியோ மாட்டுகிறவர்களுக்கு

லைசென்ஸ் வைத்துக்கொண்டு பொழுதுபோக்காக மற்றவர்களோடு ரேடியோவில் பேசுகிற, காரில் 7 மெகாஹெர்ட்ஸோ 144 மெகாஹெர்ட்ஸோ போடுகிறவர்களுக்கு மேலே சொன்னதெல்லாம் இரண்டு மடங்கு முக்கியம், ஏனென்றால் நீங்கள் கேட்க நினைப்பது மிகப் பலவீனமான சிக்னல். ரிக்குக்கு (பேசவும் கேட்கவும் உதவுகிற செட்) சிகரெட் சாக்கெட்டிலிருந்து பவர் எடுக்காதீர்கள். 100 வாட் ரிக் பேசும்போது 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், முறுக்கிய ஜோடியாக, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். பேட்டரி மைனஸ் முனையில் கரன்ட் சென்சார் உள்ள புது வண்டிகளில் ரிக்கின் மைனஸை அந்த முனையில் மாட்டாமல், பேட்டரி எர்த் வயர் பாடியில் சேர்கிற இடத்தில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் வண்டியின் சார்ஜிங் கணக்கு தப்பும். ஆன்டெனாவின் கோஆக்ஸ் கேபிளை 31 ரக ஃபெரைட்டில் பல சுற்றுச் சுற்றி ஆன்டெனா அடிப்பக்கம் வைத்தால், கேபிளின் உறை வழியாக ஏறி வருகிற வண்டி இரைச்சல் நன்றாகக் குறையும். பானெட், சைலன்சர் பட்டைகளும் 7 மெகாஹெர்ட்ஸ் மாதிரி ஹெச்.எஃப். பட்டையில்தான் முழுப் பலனைக் காட்டும்.

மின்சார கார்

இதில் நாம் செய்யக் கூடியது குறைவு. பேட்டரியின் டி.சி.யை மோட்டாருக்கு ஏ.சி.யாக மாற்றுகிற இன்வெர்ட்டர் சில நூறு வோல்ட்டைத் தொடர்ந்து ஆன், ஆஃப் செய்கிறது, அதன் இரைச்சல் ஏ.எம். பட்டையில்தான் கனமாக விழும். பி.எம்.டபிள்யூ. ஐ3 ஏ.எம். ரேடியோ இல்லாமலே விற்கப்பட்டது, 2023ல் ஃபோர்டு புது வண்டிகளிலிருந்து ஏ.எம்.மை எடுக்கப் போவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் முடிவை மாற்றிக்கொண்டது. ஆரஞ்சு நிற வயர்கள் ஹை வோல்ட்டேஜ், அதில் ஃபெரைட் மாட்டுவது உட்பட எதையும் நீங்களாகச் செய்யக் கூடாது. 12 வோல்ட் பக்கம் நீங்கள் மாட்டிய சார்ஜர், டேஷ்கேம், ஆன்டெனா எர்த் இவற்றை மேலே சொன்ன மாதிரி பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகும் இரைந்தால், வண்டி நிற்கும்போது ஒரு தடவை, ஓடும்போது ஒரு தடவை, சார்ஜ் ஏறும்போது ஒரு தடவை, ஒரே ஸ்டேஷனில் ஒரே வால்யூமில் வைத்துப் பதிவு செய்து வையுங்கள், ஓடும்போது பதிவு செய்கிற வேலை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடையது. வாரன்டி இருக்கும்போதே அந்த மூன்று பதிவோடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள், ஜாப் கார்டில் எந்த நிலையில் இரைகிறது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.